சியாமளா ஏன் சிம்னி வேண்டாம் என்றாள்

சியாமளாவின் சமையலறையில் எந்த டப்பாவும் உண்மை பேசாது. பிஸ்கட் படம் போட்ட தகர டின்னைத் திறந்தால் கடலைப்பருப்பு இருக்கும். காபித்தூள் டப்பாவில் வெந்தயம். அவள் மகன் அபினவ் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால்பவுடர் டின்னில் முப்பது வருஷத்துக்கு மேலாக வரமிளகாய் குடியிருக்கிறது. "எழுதி ஒட்டக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "யார் படிக்கப் போறா? நான்தானே சமைக்கறேன்" என்றாள்.

நான் ஜெசிந்தா. புனே பக்கம் ஆகுர்டியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு எதிர்வீடு. புனேயில் கேம்ப் என்கிற கண்டோன்மென்ட் பகுதியில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். என் கணவர் மரியஜோசப்பும் அவள் கணவர் அனந்தராமனும் ஒரே வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் எதிரெதிரே வீடு வாங்கினோம். ஆண்கள் இருவரும் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசிக்கொண்டால் அதிகம். அந்தக் குறையை நாங்கள் இரண்டு பேரும் ஈடுகட்டிவிட்டோம்.

சியாமளா திருவாரூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இந்தியில் பத்து வரைகூட எண்ணத் தெரியாதாம். அப்புறம் பரீட்சை எழுதி தபால் இலாகாவில் சேர்ந்து, சிஞ்ச்வட்டில் கவுண்டரில் உட்கார்ந்து, மராத்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். வேலைக்குப் போன அத்தனை வருஷமும் விடிவதற்குள் முழுச் சமையல் முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஒரு நாள்கூட "ஐயோ, சமைக்கணுமே" என்று அவள் சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்கு அப்படி இல்லை. நான் சலித்துக்கொள்ளாத நாளே இல்லை. அவளுக்கு அடுப்பென்றால் அத்தனை ஆசை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கட்டடம் முழுவதற்கும் அவள்தான் புளியோதரை. மராத்திக்காரக் குடும்பங்கள் ஆரத்தி முடிவதற்குள்ளேயே "இம்லி பாத் வந்தாச்சா?" என்று தட்டோடு நிற்கும்.

அப்பேர்ப்பட்ட சியாமளாவுக்கு நாலு வருஷமாக வாசனையே தெரியாது. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் நாங்கள் இருவருமே படுத்தோம். எனக்கு மூக்கு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. அவளைக் கேட்டேன். "எனக்கும் வந்துடுத்து" என்றாள். நானும் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் என் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். நான் கருவாடு வறுக்கும் நாட்களில் சியாமளா என்ன செய்வாள் தெரியுமா? ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். தன் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு ஒரு ஊதுவத்தி ஏற்றிவிடுவாள், அவ்வளவுதான். இருபது வருஷத்து வழக்கம் அது. அன்றைக்கு அவளே நேராக என் சமையலறைக்குள் வந்து, வாணலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பென்ஷன் விஷயமாக ஏதோ பேச ஆரம்பித்தாள். முகம் கொஞ்சங்கூடச் சுளிக்கவில்லை.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் தெரியலையா?" என்றேன்.

"என்ன தெரியணும்?" என்றவள் அப்போதுதான் வாணலியைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் விழுந்ததை நான் எப்படிச் சொல்வேன். "யாரண்டையும் சொல்லிடாதே ஜெசி" என்றாள் மெதுவாக.

டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வந்திருக்கிறாள். வந்தாலும் வரும், வராமலே போனாலும் போகும் என்றாராம். கிராம்பையும் எலுமிச்சையையும் தினம் முகர்ந்து பார்க்கச் சொன்னாராம். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"வீட்ல சொல்ல வேண்டியதுதானே? கொலையா பண்ணிட்டே?" என்று சத்தம் போட்டேன்.

"சொன்னா என்னை அடுப்பண்டையே விட மாட்டா. கேஸு, தீன்னு பயந்துண்டு அபி ஒரு ஆளை வெச்சுடுவான். ஆபீசும் போயாச்சு. இதையும் எடுத்துண்டுட்டா நான் கார்த்தாலேர்ந்து என்னடி பண்ணுவேன்? ஹால்ல உக்காந்து அவரோட சேர்ந்து பேப்பர் படிக்கறதா?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அப்புறம் அவள் எப்படிச் சமைத்தாள் என்று கேட்பீர்கள். பாதி காதால், பாதி கண்ணால். மீதிக்கு அனந்தராமன் இருந்தார்.

அவருக்கு மூக்கைக் கடவுள் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார். சமையலறைக்குக் கதவு கிடையாது. வாசலுக்கு நேர் எதிரே ஹாலில் அவர் நாற்காலி. அதில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணுவார். "வெந்தயம் செவக்கறதுடீ!" "பால் அடி பிடிக்கப் போறது, பாரு!" "இன்னிக்குப் பெருங்காயத்தை மறந்துட்டியா என்ன?" இதைக் கேட்டு எத்தனை நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது! எழுந்து வந்து பார்த்தால் இந்த மனுஷனுக்குக் கால் தேய்ந்தா போய்விடும் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு பார்த்தால், அவர் குரல் கேட்ட அந்த நொடியே அவள் கை அடுப்பைத் தணித்துவிடுகிறது. "அவர் கத்தாட்டா எனக்குச் சமையலே ஓடாது ஜெசி" என்றாள். அவருக்கு இது தெரியாது. நாம் சொன்னால் சொன்னபடி கேட்கிற மனைவி வாய்த்திருக்கிறாள் என்று அவர் பாட்டுக்கு மிதப்பில் இருந்தார்.

கேஸுக்கு நான். ஒவ்வொரு சமையல் முடிந்ததும் அவள் சிலிண்டர் வாயை இறுக்கி மூடிவிடுவாள். நானும் போகும்போது வரும்போது ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு வருவேன். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம், அபினவ் சமையலறையைப் புதுசாகக் கட்டித் தருகிறேன் என்று ஆரம்பிக்கிற வரைக்கும்.

அபினவ் நல்ல பிள்ளை. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே மனைவி சஹானாவோடு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார்கள். மேடைக்கல் விரிசல் விட்டு, டைல்ஸ் பெயர்ந்து, கரப்பான் கொட்டமடிக்கிற அந்தச் சமையலறையில் அம்மா கஷ்டப்படுகிறாள் என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினான். சுவர் நிறைய இழுப்பறைகள், வெள்ளை வெளேரென்று மேடை. அடுப்புக்கு மேலே பெரிய சிம்னி. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் தள்ளுகிற கண்ணாடிக் கதவு.

"இந்த டோர் சாத்திட்டு சிம்னி போட்டா, உள்ள என்ன பண்ணினாலும் ஹாலுக்கு ஒரு துளி வாசனை வராதும்மா" என்றான் பெருமையாக.

"ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கும் தும்மல் வராது" என்றார் அனந்தராமன்.

நான் சியாமளாவைப் பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவு வேண்டாம். சிம்னியும் வேண்டாம்" என்றாள்.

ஏன் என்று கேட்டான் மகன். சத்தம் போடும் என்றாள். சத்தமில்லாத சிம்னி இருக்கிறது என்றான். துடைத்து மாளாது என்றாள். தானே சுத்தம் செய்துகொள்ளும் என்றான். கரண்ட் பில் என்றாள். சிரித்தான். அவளுக்குச் சொல்லக் காரணம் தீர்ந்துபோயிற்று. "வேண்டாம்னா வேண்டாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா ஏன் இப்படிப் பழம் பஞ்சாங்கமாக இருக்கிறாள் என்று அவன் என்னிடம் வருத்தப்பட்டான். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். கடைசியில், அடுத்த ஞாயிறு சாயங்காலம் காண்டிராக்டர் இர்பான் அளவெடுக்க வரும்போது முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். மாடிப்படியில் என்னைப் பிடித்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தக் கதவு வந்துடுத்துன்னா என் சமையல் அன்னியோட முடிஞ்சுது ஜெசி."

திங்கட்கிழமையே இடிக்க ஆள் வருகிறது. அதனால் ஞாயிறு காலையிலிருந்தே மூட்டை கட்டும் வேலை. கனடாவில் இருக்கும் என் மகள் ஃபியோனாவின் அறை காலியாகத்தான் கிடக்கிறது, எல்லாவற்றையும் அங்கே வை என்று நான் சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லும்போது ஒரு தபால்கார அம்மாளின் சமையலறைக்குள் எவ்வளவு சாமான் அடங்கும் என்று எனக்குத் தெரியாது. இட்லிப் பானை மூன்று. மூன்று எதற்கு? "ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது, ஒண்ணு ராசி" என்றாள். மூடியில்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். சஹானா மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்திருந்தாள். நான் மராத்திப் பேப்பரில் கண்ணாடிச் சாமானைச் சுற்றச் சுற்ற, சியாமளா அதைப் பிரித்து, "இது சரியாச் சுத்தலை" என்று மறுபடி சுற்றினாள். "அப்ப நீயே சுத்து தாயே!" என்று நான் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு கிளம்பி, இரண்டு தடவையும் காபிக்குத் திரும்பி வந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல், பாத்திரங்களை என் வீட்டில் அடுக்க நானும் அவளும் போனோம். பொடிகளும் பருப்புகளும் இருக்கிற அலமாரி மட்டும் பாக்கி. "அத நான் பாத்துக்கறேன்மா, நீங்க ரெஸ்ட் எடுங்கோ" என்றாள் சஹானா. அந்தப் பெண் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. தமிழ் கொஞ்சம் தடுக்கும். மனசு தங்கம்.

அந்தத் தங்கம் என்ன செய்தாள் தெரியுமா? மாமியாரை அசத்த வேண்டும் என்று, துருப்பிடித்த அத்தனை டின்னையும் காலி செய்து, உள்ளே இருந்ததையெல்லாம் புத்தம்புது பிளாஸ்டிக் பைகளில் கொட்டி, வாயை ஒட்டி வரிசையாக நிறுத்திவிட்டாள். புதுச் சமையலறைக்குப் புதுக் கண்ணாடி ஜாடிகள் அவளே வாங்கித் தருவதாகத் திட்டம். தெருவில் கத்திக்கொண்டு போன பங்கார்வாலாவை, அதாவது பழைய சாமான் வாங்குகிறவனைக் கூப்பிட்டு, பழைய டின்களையெல்லாம் மூட்டையாகப் போட்டாயிற்று. மூட்டையைக் கீழே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர் அனந்தராமன். வீட்டு வேலை செய்துவிட்ட களைப்பில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது தரையில் அந்தப் பைகள் உட்கார்ந்திருந்தன. சியாமளா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என் டப்பாவெல்லாம் எங்கே?"

"ஸர்ப்ரைஸ்மா!" என்றாள் சஹானா. "எல்லாம் பழசு, டேஞ்சர். தூக்கிப் போட்டாச்சு. இப்ப நீங்க ஒண்ணொண்ணா சொல்லுங்கோ, நான் மேலே எழுதறேன். ஒண்ணுலயும் லேபிளே கரெக்ட்டா இல்லையே!" கையில் மார்க்கர் பேனாவை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பருப்பெல்லாம் பிரச்சினை இல்லை, கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டாள். பொடிகள்தான். அந்த டின்களில் இருந்தவரைக்கும் எது எங்கே என்று அவள் கைக்குத் தெரியும். இப்போது எல்லாம் ஒரே மாதிரிப் பை. வருஷத்துக்கு இரண்டு தடவை, மாவு அரைக்கிற கிர்ணியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அரைத்துக்கொண்டு வந்துவிடுவாள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, தனியா, மிளகாய்ப் பொடி, தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் உட்பட. போதாக்குறைக்குக் கீழ்வீட்டு சுஷ்மா கொடுத்த மராத்திக்காரர்களின் கோடா மசாலாப் பொடி வேறு.

"தெரியலைன்னா ஸ்மெல் பண்ணிப் பாருங்கோ" என்று சஹானா முதல் பையை நீட்டினாள்.

நான் பாய்ந்து அதை வாங்கினேன். "இது மிளகாய்ப் பொடிதானே? நிறமே சொல்லுதே!" என்று சொல்லி, நன்றாக இழுத்து முகர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை தும்மினேன். இரண்டாவது பையையும் பிடுங்கினேன். "கோடா மசாலா. சுஷ்மா வீட்டு வாசனை." மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது அபினவ் சிரித்துக்கொண்டே தடுத்தான். "ஜெசி ஆன்ட்டி, விடுங்கோ. அம்மா பொடியை அம்மா சொல்லட்டும்."

சியாமளா தரையில் உட்கார்ந்தாள். மூன்றாவது பைக்குள் விரலை விட்டு நெருடிப் பார்த்தாள். கொரகொரவென்று இருந்திருக்கும். "சாம்பார்ப் பொடி." சரிதான். அடுத்ததில் மிளகுத் திப்பி தெரிந்தது. "ரசப்பொடி." அதுவும் சரி. எனக்கு மூச்சு வந்தது. கெட்டிக்காரி, தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் இரண்டு பைகள் மிஞ்சின. இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு, ஒரே நைசு. ஒன்று தனியா. இன்னொன்று சீயக்காய்.

அவள் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகர்கிற மாதிரி முகர்ந்தாள். அப்படியே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருப்பேனா? தலைமுடியைத் தடவு தடவென்று தடவிக் காட்டினேன். எனக்குத் தலைவலி என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"தனியாப் பொடி" என்றாள்.

சஹானா கொட்டை எழுத்தில் அப்படியே எழுதினாள். "அம்மா, இதுல பாதி நான் எடுத்துண்டு போட்டுமா? எங்காத்துல தனியா தீந்துபோச்சு. நாளைக்கு ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் சாப்பிட வரா."

அதற்குள் ஹாலிலிருந்து அனந்தராமன் குரல் வந்தது. "என்னது தனியாவா? சீயக்காய்டீ அது! இங்க வரைக்கும் அடிக்கறது!"

எல்லோரும் சிரித்தார்கள். அபினவ் விழுந்து விழுந்து சிரித்தான். நான் முந்திக்கொண்டேன். "பாவம், காலைலேருந்து தூசி. சளி பிடிச்சிருக்குது அவளுக்கு, மூக்கடைச்சுக்கிச்சு." எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். சஹானா அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு எழுதப் போனாள். அத்தோடு முடிந்திருக்கும். சியாமளா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

"சளி இல்லை" என்றாள் சியாமளா.

நான் அவள் தோளை அழுத்தினேன். அவள் என் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "விடு ஜெசி. இந்தக் குழந்தை அதை எடுத்துண்டு போய் நாலு பேருக்குச் சமைச்சுப் போட்டிருப்பாள். எனக்கு வாசனை தெரியாது அபி. அந்த ஜுரத்திலேர்ந்தே கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை. அபினவ் முகம் வெளுத்துவிட்டது. "நாலு வருஷமாவா? அம்மா, கேஸ்? கேஸ் லீக் ஆகியிருந்தா?" அவன் குரல் உயர்ந்தது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், பயந்துவிட்டான். பயத்தில்தான் அதைச் சொன்னான். "போறும்மா. இனிமே நீ அடுப்பண்டை போக வேண்டாம். சமையலுக்கு நாளைக்கே ஒரு ஆள் பாத்துடறேன்."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் நாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். தரையில் அந்தப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"டேய் அபினவ்!" என்றேன். பள்ளிக்கூடத்துக் குரல் தானாக வந்துவிட்டது. "நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உக்காந்து சாப்பிட்டியே, ஒரு நாள் உப்பு கூடுதா, ஒரு நாள் கரிஞ்சுதா? சிலிண்டரை மூடாம அவ ஒரு நாள் இந்த ரூமை விட்டு வெளிய வந்திருப்பாளா? உனக்கு இருக்கிற மூக்கை வச்சு ஒரு டீ போடு பார்ப்போம்!"

சஹானா அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னாலதான் எல்லாம்" என்று மாமியார் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

அனந்தராமன் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். காலியான அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததே இல்லை.

"அப்போ, நான் அங்கேர்ந்து கத்தறதெல்லாம்...?"

"அத வெச்சுண்டுதான் அடுப்பை அணைக்கறேன்" என்றாள்.

"நான் உன்னை அதட்டறேன்னு நெனச்சுண்டிருந்தேனேடீ. ஒரு நாள்கூட நீ ஏன்னு திருப்பிக் கேட்டதில்லையே?"

"கேட்டா நிறுத்திண்டுடுவேளே" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் இர்பான் அளவுநாடாவோடு உள்ளே வந்து, வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறதே என்று தயங்கி நின்றார். பாவம், நல்ல மனுஷர். மெதுவாக இந்தியில் கேட்டார், சிம்னிக்குத் துளை எந்தப் பக்கம் போடட்டும், அங்கிள்?

"சிம்னி நஹி" என்றார் அனந்தராமன். "தர்வாசா பி நஹி." கதவும் வேண்டாமாம்.

"அப்பா, இப்பப் போய்..." என்று ஆரம்பித்தான் அபினவ்.

"நீ சும்மா இரு. ஜன்னல்ல ஒரு ஃபேன் போட்டாப் போறும். அவ அடுப்பை அவ பாத்துப்பா. மூக்கை நான் பாத்துக்கறேன்." அப்புறம் அவர் நேராக அடுப்பு வரப்போகிற இடத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அத்தனை உள்ளே போய் நான் பார்த்ததில்லை. அடுப்புக்கு வலது பக்கம் கையை வைத்துக் காட்டி, இங்கே ஒரு நாற்காலி போடுகிற அளவு இடம் விடு என்றார் இர்பானிடம்.

இர்பான் படத்தைப் பார்த்தார். அங்கே மூன்று இழுப்பறை வருகிறதே, அங்கிள்?

"போகட்டும்."

"என்னது, போகட்டுமா?" சியாமளா தரையிலிருந்து எழுந்துவிட்டாள். "என் டிராயரா? நீங்க உக்கார என் மூணு டிராயரா?"

"ஆமா."

"ஒண்ணு தரேன்."

"ஒரு டிராயர் அகலத்துல எந்த மனுஷன்டீ உக்காருவான்? பாதி உடம்பு ஹால்லயும் பாதி உடம்பு இங்கயுமா?"

"ரெண்டு. அதுக்கு மேல கேக்காதேங்கோ."

அபினவ் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சஹானா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனில் எதையோ தேடிக் காட்டினாள், கேஸ் கசிந்தால் கூச்சல் போடுகிற கருவியாம். சுவரில் மாட்டிவிடலாமாம். அபினவ் அதை மூன்று தடவை படித்தான். "மாட்டலாம். ஆனா அப்பா பக்கத்துல இல்லாத சமயம் அடுப்பு கிடையாது. சத்தியம் பண்ணு" என்றான் அம்மாவிடம். "பண்றேன் போ" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் இரண்டாவது தடவையும் தட்டினாள், அது கொஞ்சம் மெதுவாக.

அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு மேல் அவர்கள் சமையல் முழுக்க என் வீட்டில்தான். அவள் சமைக்க, அவர் என் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொள்ள, மரியஜோசப் வேளாவேளைக்கு ரசத்தைக் குடித்து ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். அத்தனை நாளும் என் வீட்டில் மீன் கிடையாது, கருவாடு கிடையாது. நட்புக்கு இதைவிட என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

வேலை முடிந்து, பால் காய்ச்சி, மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற அந்தச் சமையலறையில், இரண்டு இழுப்பறை அகலத்துக்குள் அனந்தராமன் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர் மடித்தது மடித்தபடி.

"என்ன சார், பேப்பர் படிக்கலையா?" என்றேன்.

"டூட்டில இருக்கேன் டீச்சர். பேச்சுக் குடுக்காதேங்கோ" என்றார்.

சியாமளா தாளிக்க எண்ணெய் வைத்திருந்தாள். கடுகு வெடித்தது. "கடுகு ஆச்சு" என்றார்.

"அது எனக்கே கேக்கறது. கேக்காததைச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை அடுப்புப் பக்கம் நீட்டினார். "பெருங்காயம் வந்துடுத்து. இப்பத்தான். மொதல்ல கொஞ்சமா வந்துது, இப்ப நன்னாவே வரது. நெய் பின்னாடி நிக்கறது" என்றார். அந்த மனுஷனுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று யார் கண்டது. அவளும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"கறிவேப்பிலை?" என்றாள்.

"இன்னும் இல்லை. இரு."

அவள் இருந்தாள்.

"இப்ப வந்துடுத்து" என்றார்.